பிள்ளைகளைப் பூசணிக் காட்டுக்குக் கூட்டி வாருங்கள்

சாத்தூர், இருக்கன்குடி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும்,

 

சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாற்றை ஒட்டி இரண்டரை ஏக்கர் கிணற்றுத் தோட்டமும் கொஞ்சம் மானாவாரிக் காடும் வைத்துப் பாடுபடுகிற சம்சாரி வீட்டுப் பெண் நான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ச் சாவடியில் அறிவொளி வகுப்பு நடந்தது. அங்கேதான் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் விட்ட எழுத்தைத் திரும்பப் பிடித்தேன். அன்றையிலிருந்து வாசிப்பை விடவில்லை. உங்களுக்கு எழுதுகிற தைரியம் அதில் வந்ததுதான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வைகாசிக் கடைசியில் நாங்கள் விதை ஊன்றிய பூசணி இப்போது அறுப்புக்கு நிற்கிறது. ஆயுத பூசைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் உங்கள் வகுப்புப் பிள்ளைகளை இங்கே கூட்டி வாருங்கள். ஆளுக்கு ஒரு காயைக் கொடியிலிருந்து அறுத்து, மஞ்சப்பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். வீட்டில் அம்மா அதைக் குழம்பு வைக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஏன் இதை இத்தனை பேரிடம் மடல் போட்டுக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் புரட்டாசியில், சாத்தூரில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். கையில் வண்ணப் பென்சில் பெட்டி வைத்திருந்தாள். “ஒரு பூசணிக்காய் வரைஞ்சு காட்டு தாயி” என்றேன். மளமளவென்று வரைந்தாள். நாலு துண்டாக உடைந்து கிடக்கிற பூசணிக்காய், நடுவில் சிவப்பு, பக்கத்தில் ரோட்டின் வெள்ளைக் கோடு. “முழுசா வரையலையா” என்று கேட்டேன். “இதுதான் ஆச்சி பூசணிக்காய்” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பார்த்ததை வரைந்தாள். சம்சாரி வீட்டுப் பேத்திக்கே இப்படி என்றால் மற்றப் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம்.

நம் ஊர் ஆயுத பூசை அந்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லாரி செட்டு, லேத்துப் பட்டறை, அச்சாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், காராச்சேவுக் கடை என்று எல்லா வாசலிலும் ஒரு வெள்ளைப் பூசணி இருக்கும். மேலே சின்னதாகத் துளை போட்டு, குங்குமத்தையும் சில்லறைக் காசையும் உள்ளே திணித்து, சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி நடுரோட்டில் ஓங்கிப் போடுவார்கள். பிள்ளைகள் காசுக்குப் பாய்வார்கள். மறுநாள் விடியும்போது ரோடெல்லாம் சதை. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ரோட்டில் உடைக்க வேண்டாம் என்று போலீஸார் வருஷா வருஷம் சொல்கிறார்கள்.

திருஷ்டி கழிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அப்பத்தாவும் கழித்தவள்தான். ஆனால் அப்பத்தா உடைத்த காய் அவளே தண்ணீர் விட்டு வளர்த்த காய். நாலு மாசத்துப் பாட்டைத் தன் கையால் சாமிக்குக் கொடுத்தாள். இன்றைக்கு உடைக்கிறவருக்கும் அந்தக் காய் எந்தக் கொடியில் காய்த்தது என்று தெரியாது, வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கும் தெரியாது. நம் பிள்ளைகளுக்குப் பூசணி என்றால் உடைகிற சாமான் என்று ஆகிவிட்டது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். எட்டு வயதில் நான் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனேன். விடியக்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் ஊர் மந்தையில் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறுவோம். திரும்பி இறங்கும்போது இருட்டியிருக்கும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. எங்கள் காட்டில் என்ன விளைகிறது என்று வெளிச்சத்தில் பார்த்ததில்லை. சிவகாசி வட்டாரத்தில் அன்றைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இதுதான் வாழ்க்கை. ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று 1990-ல் ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் வருகிற பிள்ளைகளை ஒத்தவள்தான் நானும். எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபதாயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அதற்குள் நான் இரண்டு பிள்ளைக்குத் தாய்.

அந்த வருஷங்களில் எனக்கென்று கிடைத்த ஒரே பகல், ஓர் ஆயுத பூசைக்கு முந்தின நாள். எங்கள் ஆபீஸில் உடைக்கிற காயை அப்பத்தாதான் கொடுப்பாள். மூன்று காய் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அப்பத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதால் என்னைத் துணைக்குக் கேட்டு வாங்கினாள். அன்று காலையில் பனி ஈரத்தோடு கிடந்த கொடிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். இலையின் சுணை காலெல்லாம் அரித்தது. அப்பத்தா ஒவ்வொரு இலையாக விலக்கச் சொன்னாள். ஒரு இலையை விலக்கினேன், சாம்பல் பூசின மாதிரி ஒரு காய் படுத்திருந்தது. தொட்டேன், விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. “வெள்ளை ஒட்டுச்சா? அப்பச் சரி, அது முத்தின காய், அறு” என்றாள். பன்னருவாளை என் கையில் கொடுத்து, என் கைமேல் தன் கையை வைத்து அறுத்தாள். காயைத் தூக்க முடியவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி வரப்பு வரைக்கும் வந்தேன்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் அதை உடைத்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு நானும் பாய்ந்து ஒரு அஞ்சு பைசா எடுத்தேன். அப்பத்தா மட்டும் குனிந்து, குங்குமத்தோடு கிடந்த விதைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள். அடுத்த வருஷம் அந்த விதைதான் முளைத்தது. ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. நான் அடுக்கின லட்சக்கணக்கான குச்சியில் ஒரு குச்சி எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காயின் கனம் இன்னும் இடுப்பில் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இந்த ஒரு பகலைத்தான்.

பிள்ளைகள் இப்போது ஆபீஸுக்குப் போவதில்லை, பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். இது பெரிய காரியம், இதைச் செய்தவர்கள் நீங்கள். அவர்களின் அம்மாமார் மட்டும் இன்னும் வேனில் போகிறார்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாசமும் வேலை நெருக்கடி. வீட்டில் அடுப்பு எரிகிற நேரம் குறைந்துவிடும். 2021 பிப்ரவரி 12-ல் நம் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கும் மேல் செத்துப்போனார்கள்.  இந்த மருந்துத் தொழில் நமக்குச் சோறு போடுகிறது, அதை நான் மறக்க மாட்டேன். மானம் பார்த்த பூமியில் மழை ஏமாற்றின வருஷமெல்லாம் எங்கள் வீட்டு உலையும் அந்தக் கூலியில்தான் கொதித்தது. ஆனால் வேலை என்றால் அந்த ஒரு வேலைதான் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஒரு விதை காயாகிற வேலையையும் அவர்கள் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

பாடத்துக்கு இது வெளியே என்று நினைக்காதீர்கள். பூசணிக் கொடியில் இருக்கிற பாடத்தை ஒரு வருஷத்துக்கு நடத்தலாம். எனக்குத் தெரிந்ததில் சிலதை மட்டும் எழுதுகிறேன். இதை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பீர்கள்.

பூவில் தொடங்குங்கள். ஒரே கொடியில் ஆண் பூவும் உண்டு, பெண் பூவும் உண்டு. ஆண் பூவுக்கு மெலிந்த நீளக் காம்பு. பெண் பூவின் அடியில் பட்டாணி மாதிரி ஒரு குட்டிப் பிஞ்சு பூப்பதற்கு முன்பே இருக்கும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம். மார்கழியில் நம் வீட்டு வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகி வைக்கிறோம் அல்லவா? அதற்கு வீட்டுப் பெரியவர்கள் பறித்துக் கொடுத்தது ஆண் பூவை. பெண் பூவைத் தொடவிட மாட்டார்கள். மகரந்தம், சூலகம் என்று அவர்கள் படித்ததில்லை, ஆனாலும் வாசலும் நிறைந்தது, காயும் குறையவில்லை. இதை என் பேத்திக்குச் சொன்னபோது அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும்.

பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். தேனீ வராத நாளில் நானே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவில் தொட்டுவிடுவேன். இதை ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம். அதற்குத்தான் எட்டு மணிக்கு முன்னால் வரச் சொல்கிறேன்.

அடுத்தது விரல் நீட்டுகிற விஷயம். பூசணிப் பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டினால் அது அழுகிவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கையை மடக்கி, முஷ்டியால்தான் காட்ட வேண்டும். எனக்கும் அப்பத்தா அப்படித்தான் சொன்னாள், நானும் நாற்பது வருஷம் முஷ்டியால்தான் காட்டினேன். போன வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கூட வந்த டீச்சர் ஒரு காரியம் செய்தார். பத்துப் பிஞ்சைத் தேர்ந்தெடுத்து, ஐந்தின் காம்பில் சிவப்பு நூலும் ஐந்தில் வெள்ளை நூலும் கட்டச் சொன்னார். சிவப்பு நூல் கட்டினதைப் பார்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் விரலை நீட்டினார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது, என் காய் அல்லவா! பத்து நாள் கழித்து எண்ணினோம். சிவப்பு நூலில் இரண்டு பிஞ்சு வெம்பிப் போயிருந்தது. வெள்ளை நூலில் மூன்று.

வெம்பினதில் ஒன்றை அறுத்துக் காட்டினேன். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. பழ ஈ பிஞ்சில் ஊசி போட்ட மாதிரி குத்தி முட்டை வைத்துவிட்டுப் போகும், அந்தப் புழு உள்ளிருந்தே தின்றுவிடும். இன்னொன்று மகரந்தம் சரியாகச் சேராமல் மஞ்சளாகிச் சூம்பியிருந்தது. ஒரு பையன் கேட்டான்: “அப்ப நீங்க இத்தனை வருஷம் சும்மாவா கையை மடக்குனீங்க?” ஆமாம் என்று சொன்னேன். சொன்னதற்கு வெட்கப்படவில்லை. பிள்ளைகள் பிஞ்சைத் தொட்டு விளையாடிக் கெடுத்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் பயந்து சொல்லி வைத்திருப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். இருக்கலாம். அந்தப் பையனின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. வகுப்பறைக்குள் அந்தக் கேள்வி அவனுக்கு வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப் பாடம் வேண்டுமா? காயைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லச் சொல்லுங்கள், பிறகு தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்றை அறுத்து விதையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணட்டும். சில நூறு இருக்கும். ஒரு குழிக்கு நாலு விதை ஊன்றி, முளைத்ததில் நல்ல நாற்று இரண்டை விடுவோம் என்றால், ஒரு காயின் விதை எத்தனை குழிக்கு வரும்? வீட்டில் தொங்குகிற சிவகாசி தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று அடியில் போட்டிருப்பதைப் பிள்ளைகள் வாசித்திருப்பார்கள். விதை போட, கிழங்கு நட அந்தக் காலத்தில் நாள் பார்த்த வழக்கம் அது. நம் ஊரில் அச்சாகி ஊரெல்லாம் போகிற தாளில் இருப்பது நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்க வேண்டாம்.

சரித்திரமும் உண்டு. வெள்ளைப் பூசணி, தெற்கே தடியங்காய் என்கிறார்களே, அது ஆசியாவுக்கே உரிய பழைய காய். மஞ்சள் பூசணி கப்பல் ஏறி வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் பல்லாயிரம் வருஷமாகப் பயிரானது, போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அதைப் பரங்கிக்காய் என்று சொல்வதில் பரங்கியரின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்து மிளகாய் வற்றலும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இன்றைக்கு இரண்டும் நம்முடைய சமையலில் ஊறிப்போய்விட்டன.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற எங்கள் உறவுக்காரப் பையன் போன ஐப்பசியில் படம் அனுப்பினான். அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே அக்டோபர் மாசம் இது ஒரு பெரிய வழக்கமாம். குடும்பம் குடும்பமாக வந்து, காசு கொடுத்து, கொடிக்குள் நடந்து தங்களுக்குப் பிடித்த காயை எடுத்துப் போவார்கள். அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீன் பண்டிகைக்கு அதைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைக்கிறார்கள். ஐரிஷ்காரர்கள் சொந்த ஊரில் டர்னிப் கிழங்கில் செய்த வழக்கத்தைப் போன இடத்தில் பூசணிக்கு மாற்றிக்கொண்டார்களாம். படத்தில் அந்தப் பெண்பிள்ளை தன்னைவிடப் பெரிய காய் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நம் வட்டாரத்தில் பிறந்து போன குடும்பத்துப் பேத்தி எங்கோ ஒரு தேசத்தில் பூசணிக் கொடிக்குள் நிற்கிறாள். சாத்தூரில் இருக்கிற பிள்ளை இன்னும் நிற்கவில்லை. படத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் அதை இலையுதிர்காலம் என்கிறார்கள். உங்கள் பாடப் புத்தகத்திலும் அந்தச் சொல் வருகிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் இலை உதிர்வதில்லை, மழை இறங்குகிறது. பெரியவர்கள் அதைக் கூதிர்காலம் என்று வகுத்து வைத்தார்கள். நம் மாவட்டத்துக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு அந்த மாசங்களில்தான். மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் உளுந்தும் மக்காச்சோளமும் அந்த மழையை நம்பி நிற்கும். அந்த மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று கேட்கிறேன். கரிசல் நனைந்துவிட்டால் ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு கிலோ மண் செருப்போடு வரும். பெரியவர்களாலேயே நடக்க முடியாது.

சத்துணவுக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமராஜர் 1957-லும் 1962-லும் நம் சாத்தூர்த் தொகுதியில் நின்று ஜெயித்தவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மதியச் சோறு போட்ட மனிதர் நமக்கு எம்.எல்.ஏ.வாக இருந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. காமராஜர் போட்ட மதியச் சோறு என் காலத்தில் இருந்தும், நான் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிவிட்டதால் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் சாம்பாரில் மஞ்சள் துண்டைப் பார்த்தால் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள் என்று சமைக்கிற அக்கா ஒருத்தி வருத்தப்பட்டுச் சொன்னார். போன வருஷம் இங்கே வந்துபோன முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் மறுநாள் அந்தத் துண்டைச் சாப்பிட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் அம்மா என்னைத் தேடி வந்தார். அவர் மகள் தான் அறுத்த காயை யாரையும் தொடவிடாமல் இரண்டு ராத்திரி பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாளாம். மூன்றாம் நாள் சம்மதித்து அறுக்க விட்டு, புளிக்குழம்பு வைத்துத் தர, தட்டில் ஒரு துண்டு மிச்சமில்லையாம்.

இனி நடைமுறை. சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பூசணி கனம், அதைப் பார்க்கட்டும், தூக்க வேண்டாம். அவர்களுக்கென்றே ஒரு பகுதியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 மஞ்சள் பூசணி போட்டிருக்கிறேன். காய் ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள் நிற்கும். நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது, காம்பு காய்ந்திருக்க வேண்டும். அதுதான் முற்றின அடையாளம். முறுக்கிப் பிடுங்கக் கூடாது, மூன்று விரற்கடைக் காம்பு விட்டு அறுக்க வேண்டும். காம்பு போன காய் சீக்கிரம் அழுகும். முழுக் காம்போடு அடிபடாமல் வைத்தால் தை வரைக்கும் இருக்கும். அருவாளை நானும் என் வீட்டுக்காரரும் பிடிப்போம், பிள்ளைகள் எங்கள் கைமேல் கை வைத்தால் போதும்.

முழங்காலுக்குக் கீழே மூடுகிற உடுப்பும் செருப்பும் இருக்கட்டும், சுணை அரிக்கும். முந்தின நாளே நாங்கள் கொடிகளைத் தட்டிப் பார்த்து, பூச்சி பொட்டு இல்லாமல் பாதை விட்டு வைப்போம். கிணற்றைச் சுற்றி முள் அடைத்திருக்கிறோம். ஆனாலும் இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட வேண்டும். குடிக்கத் தண்ணீர் உண்டு, வேப்பமர நிழல் உண்டு, அவித்த மொச்சை தருவோம். காய்க்குக் காசு வேண்டாம். காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் உருட்டிவிட்டுப் போகிற காயைவிட நாற்பது பிள்ளைகள் கொண்டுபோகிற காய் குறைவுதான். மதுரை வியாபாரி ஆயுத பூசைக்கு முந்தின மூன்று நாள் கொடுக்கிற விலையில் எங்கள் பாடு தேறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒதுக்கி வையுங்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்று ஆபீஸுக்கு லீவு. அம்மாமாரும் பிள்ளைகளோடு வரலாம். வருஷம் முழுக்க மருந்து வாசனையில் நிற்கிற அந்தப் பெண்களில் பாதிப்பேர் சம்சாரி வீட்டில் பிறந்தவர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொடிக்குள் இறங்கினால் எனக்கு அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.

என் ஒரு தோட்டம் எல்லாப் பள்ளிக்கும் காணாது. உங்கள் பள்ளியைச் சுற்றி ஏதாவது ஒரு கிணற்றுத் தோட்டம் இருக்கும். பூசணி இல்லாவிட்டால் நம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வெள்ளரி இருக்கும், சுரை இருக்கும், பீர்க்கு இருக்கும். அந்தச் சம்சாரியிடம் போய்க் கேளுங்கள். வாத்தியார் வந்து கேட்டால் இல்லை என்று சொல்கிற சம்சாரி இந்தக் கரிசலில் கிடையாது. பயிர் வைக்க ஆள் இல்லாமல் கருவை மண்டிக் கிடக்கிற காடுகளுக்கு நடுவே இன்னும் சில பச்சைத் துண்டுகள் மிச்சமிருக்கின்றன. அவை இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவோம்.

விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகளைச் சேர்த்து, அரிசியில் ‘அ’ எழுதவைக்கிறீர்கள். அதற்கு முந்தின வாரத்தில் ஒரு காலைப் பொழுதை எனக்குக் கொடுங்கள். வருகிற நாளை இரண்டு நாள் முன்னால் சொல்லி அனுப்பினால் போதும். காலையில் ஆறரை மணிக்கெல்லாம் கிணற்றடியில் இருப்பேன்.

இப்படிக்கு,
வைப்பாற்றங்கரைச் சம்சாரிப் பெண் ஒருத்தி